சிங்கப்பூரில் கார் வாங்கும்போது வரியையும் பதிவுச் செலவையும் கணக்கிடுவது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே நிரந்தரவாசியாகிவிட்ட ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. முதல் முறையாகக் கார் வாங்க நினைக்கிறார். 1,598 சிசி இயந்திரம் கொண்ட ஒரு புதிய ஜப்பானிய காருக்கு 185,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொல்கிறார்கள். ஆறு ஆண்டு ஓடிய இன்னொரு கார் 72,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது. “ஊரில் ஷோரூம் விலைக்கு மேல் சாலை வரி, பதிவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை போடுவார்கள். அதுபோல் இங்கே சொன்ன விலைக்கு மேல் எத்தனை விழுக்காடு ஒதுக்கி வைக்க வேண்டும்? உரிமையை என் பெயருக்கு மாற்ற எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறார்.

இங்கே கணக்கின் திசையே வேறு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் கார்க் கடைக்காரர் சொல்லும் விலைக்குள் பெரும்பாலான வரிகளும் பதிவுக் கட்டணங்களும் ஏற்கனவே அடங்கியிருக்கும். ஆகவே அந்த விலையோடு கூட்ட வேண்டியது சொற்பம். அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதே அதிகம். அப்படிப் பிரிக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு, விற்பவருக்குப் போவது எவ்வளவு, பத்தாண்டு கழித்து உங்களிடம் திரும்பி வருவது எவ்வளவு. இந்த மூன்றும் கையில் இல்லாமல் 185,000 மலிவா, 72,000 மலிவா என்று சொல்ல எவராலும் முடியாது.

இந்தப் பதிலில் வரும் விகிதங்கள் யாவும் 2025-ஆம் ஆண்டில் பதிவான கார்களுக்கு உரியவை. ஆண்டை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரின் மதிப்பைப் பொறுத்து விதிக்கப்படும் கூடுதல் பதிவுக் கட்டணத்தின் விகிதங்கள் 2013, 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் வரவுசெலவுத் திட்டங்களில் மாற்றப்பட்டன. 2023-இல் அறிவிக்கப்பட்ட மாற்றம், அந்த பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் ஏலக்குத்தகையிலிருந்து வாகன உரிமைச் சான்றிதழ் (இதைக் கீழே விளக்குகிறேன்) பெற்ற கார்களுக்குப் பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. எந்த நாளில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. எனவே வரவுசெலவுத் திட்டம் நெருங்கும் மாதங்களில் கார் வாங்குபவர், எந்த ஏலத்தில் தமக்குச் சான்றிதழ் கிடைக்கப்போகிறது என்பதைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு முழுவதும் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அது பொதுச் சந்தை மதிப்பு. கார்க்காரர்கள் பேச்சில் ஓஎம்வி. கார் சிங்கப்பூருக்கு வந்து சேரும்போது அதன் கொள்முதல் விலை, கப்பல் கூலி, காப்புறுதி, விற்று ஒப்படைப்பது தொடர்பான பிற செலவுகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சுங்கத்துறை மதிப்பிடும் தொகை அது. ஒரே மாடலாக இருந்தாலும் வந்து இறங்கிய தொகுதி, நாணய மாற்று விகிதம் ஆகியவற்றைப் பொறுத்து ஓஎம்வி சற்றுக் கூடலாம், குறையலாம். முகவர்களின் விலைப் பட்டியலில் அது சிறிய எழுத்தில் இருக்கும். நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் கார் விலை விவரங்களிலும் பார்க்கலாம். ஓஎம்வி என்ன என்று கேட்டால் மழுப்பும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவது நேர விரயம் என்பது என் கருத்து.

உங்கள் புதிய காரின் ஓஎம்வி 25,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை, அதாவது 5,000 வெள்ளி. இவ்விரண்டும் சேர்ந்த 30,000 வெள்ளியின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,700 வெள்ளி. தீர்வையின் மேலும் ஜிஎஸ்டி விழுவதைக் கவனியுங்கள்; ஓஎம்வியை மட்டும் 9 விழுக்காட்டால் பெருக்கினால் கணக்கு 450 வெள்ளி குறைந்துவிடும். இதுவரை உள்ள தொகை 32,700. வேறு பல நாடுகளில் காரின் விலை ஏறக்குறைய இந்த இடத்தில் நின்றுவிடும். இங்கே கதை இனிமேல்தான் தொடங்குகிறது.

அடுத்து வருவது கூடுதல் பதிவுக் கட்டணம். ஏஆர்எஃப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வருமான வரியைப் போலவே இதுவும் படிப்படியாக ஏறும். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190, அதன் பின் வரும் 20,000-க்கு 250, 80,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காடு. உங்கள் காருக்கு முதல் 20,000-க்கு 20,000 வெள்ளி, எஞ்சிய 5,000-க்கு 140 விழுக்காட்டில் 7,000 வெள்ளி, ஆக மொத்தம் 27,000 வெள்ளி. இங்கே பலரும் தடுமாறுவார்கள். 20,000-ஐத் தாண்டிவிட்டால் முழு மதிப்புக்கும் 140 விழுக்காடு என்று எண்ணி 35,000 என்பார்கள். அது தவறு. ஒவ்வொரு படிக்குள்ளும் விழும் பகுதிக்கு மட்டுமே அந்தப் படியின் விகிதம் பொருந்தும்.

படிகள் எவ்வளவு செங்குத்தானவை என்று காட்ட, ஓஎம்வி 90,000 வெள்ளி உள்ள ஒரு சொகுசுக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000, 28,000, 38,000, 50,000 என்று நான்கு படிகள் ஏறி, கடைசி 10,000-க்கு 32,000 சேர்த்தால் கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் 168,000 வெள்ளி. ஓஎம்வி உங்கள் காரைப் போல் மூன்றரை மடங்கு. கட்டணமோ ஆறு மடங்குக்கு மேல்.

இதற்குப் பக்கத்தில் வெறும் பதிவுக் கட்டணம் என்று 350 வெள்ளி தனியாக இருக்கிறது. ‘பதிவுச் செலவு’ என்று ஊர்ப் பழக்கத்தில் ஒருவர் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த 350 தான்; அதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடக் கூடாது.

இனி வாகன உரிமைச் சான்றிதழ், எல்லார் வாயிலும் சிஓஇ. 1990-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இந்த முறையில், பத்தாண்டுகளுக்கு ஒரு வாகனத்தைச் சாலையில் வைத்திருக்கும் உரிமையை ஏலக்குத்தகையில் எடுக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஏலங்கள். வழக்கமாகத் திங்கட்கிழமை நண்பகலில் தொடங்கிப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடியும். இயந்திரம் 1,600 சிசிக்கும் ஆற்றல் 97 கிலோவாட்டுக்கும் மேற்படாத கார்கள் ஏ பிரிவு. அதைத் தாண்டியவை பி பிரிவு. முழு மின்சார கார்களுக்கு 2022 மே மாதம் முதல் ஏ பிரிவின் வரம்பு 110 கிலோவாட். சிசி மட்டும் பார்த்து ஏ பிரிவு என்று முடிவு செய்ய வேண்டாம். 1,598 சிசி காராக இருந்தும் ஆற்றல் 97 கிலோவாட்டைத் தாண்டினால் அது பி பிரிவுக்குப் போய்விடும்.

சான்றிதழின் விலையை எந்தச் சூத்திரத்தாலும் கணிக்க முடியாது. 2008 நவம்பரில் ஏ பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போன ஏலமும் உண்டு. 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு 106,000 வெள்ளியையும் பி பிரிவு 150,001 வெள்ளியையும் தொட்ட ஏலமும் உண்டு. ஆகவே கணக்கில் சான்றிதழுக்கு ஒரே எண்ணைப் போடாமல், அண்மைய ஏலங்களின் விலையை நடுவில் வைத்து, பத்தாயிரம் கூடினால் என்ன, பத்தாயிரம் குறைந்தால் என்ன என்று மூன்று வரிகளாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த எடுத்துக்காட்டுக்கு 100,000 வெள்ளி என்று கொள்கிறேன்.

இப்போது கூட்டலாம். ஓஎம்வி 25,000, தீர்வை 5,000, ஜிஎஸ்டி 2,700, கூடுதல் பதிவுக் கட்டணம் 27,000, பதிவுக் கட்டணம் 350, சான்றிதழ் 100,000. மொத்தம் 160,050 வெள்ளி. மாசு வெளியேற்ற அளவைப் பொறுத்துத் தள்ளுபடியோ மேல்வரியோ விதிக்கும் வாகன மாசுத் திட்டத்தில் உங்கள் கார் நடுநிலையான பி பட்டையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் இதில் மாற்றம் இல்லை. சி பட்டைகளில் விழும் கார் என்றால் அந்த மேல்வரியையும் கூட்ட வேண்டும். கார் எந்தப் பட்டை என்பதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும்.

சொன்ன விலை 185,000. அடக்கம் 160,050. இடையில் இருக்கும் 24,950 வெள்ளிதான் விற்பவரின் பகுதி. அது முழுவதும் லாபம் என்று எண்ணிக் கோபப்பட வேண்டாம். காட்சிக்கூட வாடகை, விற்பனையாளர் கமிஷன், உத்தரவாதக் காலத்துப் பராமரிப்பு, முதல் சாலை வரி, அந்தப் பகுதியின் மேல் அவர்கள் செலுத்தும் ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் பேரம் பேச இடம் இருப்பது இந்த 24,950-க்குள் மட்டும்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போய் உட்காருகிறவரிடம் விற்பனையாளர் பேசும் தொனியே மாறிவிடும். இதே காரை வேறு இரண்டு கடைகளில் விசாரித்து, ஒவ்வொன்றிலும் ஓஎம்வியையும் சான்றிதழையும் கழித்துப் பார்த்து ஒப்பிடுங்கள். அதிகாரபூர்வ முகவருக்கும் தனி இறக்குமதியாளருக்கும் ஓஎம்வியே வேறுபடலாம். மொத்த விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரியாது.

விற்பனை ஒப்பந்தத்தில் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் சான்றிதழ் பற்றிய பத்தி. உறுதி அளிக்கப்பட்ட சான்றிதழ், உறுதி அளிக்கப்படாத சான்றிதழ் என்று இரண்டு வகைத் தொகுப்புகள் இருக்கின்றன. முதலாவதில் ஏலம் எந்த விலைக்குப் போனாலும் நீங்கள் தரும் விலை மாறாது. இரண்டாவதில் குறிப்பிட்ட ஓர் அளவு வரைதான் அவர்கள் ஏலம் கேட்பார்கள். அதைத் தாண்டினால் நீங்கள் மேற்கொண்டு பணம் போட வேண்டும், அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஏலங்களுக்குப் பிறகு முன்பணத்தைத் திரும்பப் பெறலாம். எத்தனை ஏலங்கள், முன்பணம் முழுவதும் திரும்புமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வகையிலும் ‘சான்றிதழ்த் தள்ளுபடி அளவு’ என்று ஒரு வரி இருக்கும். ஏலம் அந்த அளவுக்குக் கீழே முடிந்தால்தான் உங்களுக்கு வித்தியாசம் திரும்பி வரும். 185,000 என்ற விலையில் சான்றிதழை 100,000 என்று கணக்கிட்டுவிட்டு, தள்ளுபடி அளவை 85,000 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஏலம் 90,000-க்கு முடிந்தால் மிச்சமாகும் 10,000 வெள்ளி முழுவதும் விற்பவருக்கு. உங்களுக்குக் காசு இல்லை. 80,000-க்கு முடிந்தால் 20,000 மிச்சத்தில் உங்களுக்கு 5,000, அவருக்கு 15,000. விலையில் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசுபவர்கள், இந்த ஒரு வரியில் அதைப் போல் பல மடங்கை விட்டுவிடுவதைப் பார்க்கலாம். ஏலத்தில் வெற்றி பெற்ற அனைவரும் ஒரே விலையையே கட்டுகிறார்கள் என்பதும், அது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும் என்பதும் இதில் நமக்குச் சாதகம்.

இனி, திரும்பி வரும் தொகைக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்த ஆண்டில் பதிவான ஒரு காரைப் பத்தாண்டு முடிவதற்குள் பதிவு நீக்கம் செய்தால், கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திருப்பித் தரப்படுகிறது. பார்ஃப் என்று வழங்கும் தொகை அது. ஐந்து ஆண்டுக்குள் என்றால் 75 விழுக்காடு. அதன் பின் ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைந்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட ஆண்டில் 50 விழுக்காடு. 2023 பிப்ரவரி மாற்றம் இதற்கு 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பையும் வைத்தது. உங்கள் காருக்குப் பத்தாம் ஆண்டின் இறுதியில் கிடைப்பது 27,000-இல் பாதி, 13,500 வெள்ளி. மேலே சொன்ன சொகுசுக் காருக்குப் பாதி என்றால் 84,000 வரவேண்டும். ஆனால் உச்சவரம்பால் 60,000-ஓடு நின்றுவிடும். இதோடு, சான்றிதழில் பயன்படுத்தாமல் மிஞ்சிய காலத்துக்கு உரிய பங்கும் திரும்பும்.

ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை இப்போது காணலாம். 185,000-இலிருந்து 13,500-ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 17,150 வெள்ளி. இதைத்தான் இங்கே தேய்மானம் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். பெட்ரோல், நிறுத்துமிடம், காப்புறுதி எதுவும் இதில் இல்லை.

அந்த ஆறு ஆண்டு ஓடிய காரையும் இதே தராசில் நிறுத்துவோம். அதன் ஓஎம்வி 20,000, கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000, சான்றிதழ் அன்று எடுத்த விலை 30,000, இன்னும் நான்கு ஆண்டு பாக்கி என்று கொள்வோம். இன்றே பதிவு நீக்கம் செய்தால் பார்ஃப் 70 விழுக்காடு, 14,000. சான்றிதழில் பத்தில் நான்கு பங்கு, 12,000. ஆக 26,000 வெள்ளி. இதுவே அந்தக் காரின் காகித மதிப்பு. கேட்கும் விலை 72,000 என்றால், மீதி 46,000 வெள்ளியை இன்றைய சான்றிதழ் விலை ஏறியிருப்பதற்காகவும் காரின் நிலைக்காகவும் தருகிறீர்கள். நான்கு ஆண்டும் ஓட்டினால் முடிவில் கிடைப்பது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 50 விழுக்காடு, 10,000 மட்டுமே. 72,000-இலிருந்து அதைக் கழித்து நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 15,500 வெள்ளி. புதிய காரைவிட ஆண்டுக்கு 1,650 வெள்ளி குறைவு. ஆனால் பழுதுச் செலவு கூடுதல், உத்தரவாதம் இல்லை. விலையில் பாதிக்கும் குறைவாகத் தெரிந்த கார், ஆண்டுச் செலவில் அவ்வளவு தூரம் விலகவில்லை. என்னைக் கேட்டால், இந்த இரண்டுக்கும் இடையே தீர்மானிக்க வேண்டியது தேய்மானம் அல்ல, உங்களிடம் இருக்கும் ரொக்கம்.

ஏனென்றால் கார்க் கடனுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வரம்பு இருக்கிறது. ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கு விலையில் 70 விழுக்காடு வரையும், அதைத் தாண்டிய காருக்கு 60 விழுக்காடு வரையும்தான் கடன். காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டு. புதிய காரின் ஓஎம்வி 25,000 என்பதால் 111,000 வெள்ளி வரை கடன் கிடைக்கும். 74,000 வெள்ளியைக் கையிலிருந்து போட வேண்டும். பழைய காருக்குக் கையிலிருந்து போட வேண்டியது 21,600 மட்டும். பழைய காருக்கும் முதன்முதலில் பதிந்தபோது இருந்த ஓஎம்வியே கணக்கு. வங்கிகள் வட்டியைத் தட்டையான விகிதத்தில் சொல்வது வழக்கம்: 111,000-க்கு ஏழு ஆண்டு 2.5 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 19,425 வெள்ளி, மாதத் தவணை ஏறத்தாழ 1,553 வெள்ளி. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையான வட்டி விகிதம் சுமார் 4.7 விழுக்காடு. தங்கள் வழியாகவே கடனும் காப்புறுதியும் எடுத்தால்தான் சொன்ன விலை, வெளியே எடுத்தால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடும் என்று விற்பவர்கள் நிபந்தனை வைப்பதுண்டு. அந்த நிபந்தனையையும் விலையின் ஒரு பகுதியாகவே கருதி ஒப்பிட வேண்டும்.

மின்சார கார்களைப் பற்றி ஒரு சொல். 2025-இல் பதிவான மின்சார காருக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு, 15,000 வெள்ளிக்கு மேற்படாமல், ஊக்கத்தொகையாகத் தள்ளுபடி ஆனது. மாசுத் திட்டத்தில் மிகக் குறைந்த மாசுக்கான ஏ1 பட்டையில் இருந்தால் அந்த ஆண்டில் மேலும் 25,000 வெள்ளி தள்ளுபடி. அதே 25,000 ஓஎம்வி உள்ள மின்சார காருக்கு இவை 12,150-உம் 25,000-உம் ஆக 37,150 வெள்ளி வருகிறது. ஆனால் கட்டணமே 27,000 தான். ஆகவே கட்டணம் சுழியமாகும். மிச்சத் தள்ளுபடியைக் கையில் தரமாட்டார்கள். இதன் மறுபக்கத்தை விளம்பரம் சொல்லாது: கட்டாத கட்டணத்தில் பாதி என்றால் பாதியும் சுழியம்தான். பத்தாண்டு முடிவில் பார்ஃப் எதுவும் இராது. இன்றைக்கு 27,000 குறைவு, அன்றைக்கு 13,500 குறைவு. நிகர ஆதாயம் அந்த 27,000-இல் பாதிதான்.

சாலை வரி இந்தத் தொகைகளின் பக்கத்தில் சிறியது. 1,598 சிசி காருக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி. மின்சார காருக்கு ஆற்றலை வைத்துக் கணக்கிட்டு, அதன் மேல் ஆண்டுக்கு 700 வெள்ளி நிலையான தொகை. பத்தாண்டைக் கடந்த காருக்கு 10 விழுக்காடு மேல்வரி தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். பத்தாண்டு முடிந்த பின் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டலாம் என்று எண்ணினால், அண்மைய மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு என்றால் அதில் பாதி, ஆனால் அதற்குப் பிறகு மறுபடியும் புதுப்பிக்க இயலாது. புதுப்பித்த நொடியில் பார்ஃப் போய்விடும் என்பதால், அந்த இழந்த தொகையையும் புதுப்பிக்கும் செலவோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மோட்டார் சைக்கிள் என்றால் தீர்வை 12 விழுக்காடு. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50, அதற்கு மேல் 100. பார்ஃப் கிடையாது. சான்றிதழ் டி பிரிவில்.

பக்கத்தில் மலேசியாவின் ஜோகூரில் மலிவாகக் கார் வாங்கி இங்கே ஓட்டலாமே என்று யாராவது யோசனை சொல்லலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிந்த வாகனத்தை இங்கே வைத்துப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. முறைப்படி இறக்குமதி செய்வதென்றாலும், பயன்படுத்தப்பட்ட கார் மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். மேற்சொன்ன எல்லா வரிகளோடும் 10,000 வெள்ளி மேல்வரி வேறு. சான்றிதழையும் இங்கே ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அந்த வழியில் மிச்சம் எதுவும் இல்லை.

கடைசியாக, உரிமை மாற்றம். ஊரில் உள்ள ஆர்சி புத்தகத்தைப் போல இங்கே கையில் வைத்துக்கொள்ளும் புத்தகம் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பதிவுபெற்ற உரிமையாளர். அந்தப் பதிவின் விவரங்கள் ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் கிடைக்கும். பழைய கார் வாங்கும்போது விற்பவரை அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓஎம்வி, கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம், சான்றிதழ் எடுத்த விலை, முதலில் பதிந்த நாள், இதுவரை எத்தனை முறை கைமாறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். மேலே நாம் போட்ட கணக்குக்குத் தேவையான எல்லா எண்களும் அந்த ஒரே பக்கத்தில் இருப்பதால், விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. முதலில் பதிந்த நாளை விசேஷமாகக் கவனியுங்கள்: ஆறு ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு 70 விழுக்காடாக இருக்கும் பார்ஃப், முடிந்த மறுநாள் 65 ஆகிவிடும்.

பெயர் மாற்றத்துக்கு ஆணையம் வாங்கும் கட்டணம் 25 வெள்ளி மட்டுமே. விற்பவரும் வாங்குபவரும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தின் வழியாக இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கினால் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று சில நூறு வெள்ளி எழுதியிருப்பார்கள். அது அரசாங்கக் கட்டணம் அல்ல, எனவே பேசிக் குறைக்கலாம். விருப்பமான எண் வேண்டுமென்றால் குறைந்தபட்ச ஏலத் தொகை 1,000 வெள்ளி. தானாக ஒதுக்கப்படும் எண் போதும் என்பவருக்கு அந்தச் செலவு இல்லை.

பணத்தை ஒப்படைக்கும் முன் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தவணை முறையில் வாங்கிய காருக்கு, கடன் தீரும் வரை நிதி நிறுவனமே சட்டப்படி உரிமையாளர். பதிவேட்டில் விற்பவரின் பெயர் இருந்தாலும் அவரால் முழு உரிமையைத் தர முடியாது. ஆகவே பாக்கிக் கடன் எவ்வளவு என்ற கடிதத்தை நிறுவனத்திடமிருந்தே கேட்டு வாங்கி, அந்தத் தொகையை நேராக நிறுவனத்துக்குச் செலுத்திவிட்டு, எஞ்சியதை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள். அடுத்தது காப்புறுதி. பெயர் மாற்றம் நடக்கும் நாளில் உங்கள் பெயரில் காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும். ஊரில் பல ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியிருந்தால், அதற்கான உரிமைகோராமைக் கழிவை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் தரும் தள்ளுபடியை) ஏற்றுக்கொள்வார்களா என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கேட்டுப் பாருங்கள். இங்கே தனியார் கார்களுக்கு அந்தக் கழிவு 50 விழுக்காடு வரை போகும்; அது இல்லாமல் தொடங்குகிற முதல் ஆண்டுச் சந்தா, நண்பர்கள் சொல்லும் தொகையைப் போல் இரு மடங்காக வந்தாலும் வியப்பில்லை. உங்கள் கேள்விப்படி சொன்ன விலைக்கு மேல் ஒதுக்கி வைக்க வேண்டிய ஒரே பெரிய தொகை அதுதான்.